கதவுக்கு முட்டுக்கொடுத்த மணி

மணியை எடுத்ததும் கதவு படாரென்று சாத்திக்கொண்டது. உள்ளே மணியை இரண்டு கைகளாலும் அணைத்தபடி நின்ற பாண்டீஸ்வரன், "யாராச்சும் கதவைத் தொறங்கப்பா, கை ஒழியல" என்று கத்தினான். வாசலில் பைகளோடு நின்ற அவன் தங்கை அனுசுயா கதவைத் தள்ளிப் பிடித்தாள். அவன் பக்கவாட்டில் நகர்ந்து வெளியே வந்தான். அவள் கையை எடுத்ததும் கதவு மறுபடி அடித்தது.

பத்தொன்பது வருடங்களாக அந்தக் கதவுக்கு அந்த மணிதான் முட்டு. ஆவணி மாதத்தில் சுருளிப்பட்டிக் காற்று கொல்லை வழியாக நுழைந்து வீட்டைக் கடந்து வாசல் வழியாகத்தான் வெளியேறும். போகிற போக்கில் கதவை அறைந்துவிட்டுப் போகும். செங்கல், அம்மிக் குழவி, அரிசி டப்பா எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தாகிவிட்டது. ஏழு கிலோ வெண்கலம் ஒன்றுக்குத்தான் கதவு அடங்கியது.

"மணி போயிருச்சு. இனிமே கதவுக்கு என்னப்பா பண்றது?" என்று கேட்டாள் அனுசுயா.

வேல்பாண்டி உள்ளிருந்து ஒரு ஸ்டூலை இழுத்துக்கொண்டு வந்தார். கதவைச் சுவரோரம் தள்ளிவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து, இடது காலை நீட்டிக் கதவை மிதித்துக்கொண்டார்.

"நான் இருக்கேன்ல? நாப்பது வருசம் கிளட்ச்சை மிதிச்ச காலு. ஒரு கதவை மிதிக்காதா?"

அவர் சிரித்தபோது அனுசுயா செல்போனில் ஒரு படம் எடுத்தாள். கிளம்பும் முன் போட்டோ என்பது அவளுடைய பட்டியலில் பதினேழாவது. மற்ற பதினாறும் பொங்கல் சாமான்கள். அவள் பகலில் தேனியில் மருந்து மொத்தக்கடையில் வேலை பார்த்தாள். மாலையில் அரசுத் தேர்வுக்கான வகுப்புக்குப் போனாள். எழுதியதை இரண்டு தடவை சரிபார்க்க வேண்டும் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். அவள் மூன்று தடவை பார்ப்பாள். அப்படியும் எதையோ விட்டுவிட்டது போலவே இருக்கும். இன்றைக்கும் இருந்தது.

அந்த மணி நெல்லிப்பாறை வேலப்பருக்கு நேர்ந்தது. தோப்புக்கு அப்பால் தெரிகிற மலையில் ஒரு பாறைக்குக் கீழே நட்டிருந்த வேல்தான் வேலப்பர். ஏறுவது சிரமமே இல்லை. காலையில் கிளம்பினால் மத்தியானச் சோற்றுக்கு வீடு திரும்பிவிடலாம். அந்த அரைநாள் நடைக்குத்தான் பத்தொன்பது வருடங்கள் ஆகியிருந்தன.

குமுளி மலையில், ஏலத்தோட்டத்துக்குப் போகும் பெண்கள் பதினான்கு பேரோடு வேல்பாண்டியின் ஜீப்புக்குப் பிரேக் போய்விட்டது. அவர் "வேலப்பா, மணி கட்டுறேன்" என்று கத்தியபடி வண்டியை மண்மேட்டில் ஏற்றி நிறுத்தினார். அடுத்த வாரமே தேனிக்குப் போய் மணி வாங்கினார். வேலப்பர் காதில் விழும் முன் வேறு யார் காதிலும் விழக்கூடாது என்று, தன் பழைய காக்கிச் சட்டையைக் கிழித்து மணியின் நாக்கில் சுற்றினார். அந்த வாரமே அவருடைய பங்காளி ஒருவர் இறந்தார். பங்காளி வீட்டில் கேதம் விழுந்தால் ஒரு வருடம் மலையேறக் கூடாது.

வேல்பாண்டிக்கு அறுபத்திரண்டு வீட்டுப் பங்காளிகள். முறை வைத்தது போல வருடத்துக்கு ஒருவர் போனார்கள். ஒரு தடவை பதினோரு நாள் இடைவெளி கிடைத்தது. பதினோரு நாளும் மழை. இன்னொரு தடவை பாண்டீஸ்வரனின் மனைவி தேவயானி மாசமாக இருந்தாள், அதனால் அவன் மலையேறக் கூடாது. அப்புறம் கொரோனா. இந்த ஆவணியில்தான் கடைசிக் கேதத்துக்கு வருடம் முடிந்து வழி திறந்திருந்தது. அதற்குள் வேல்பாண்டிக்கு மதுரையில் நெஞ்சில் குழாய் வைத்து, படியேறுவதையே டாக்டர் நிறுத்திவிட்டார். பிள்ளைகள் போய்க் கட்டிவிட்டு வரட்டும் என்று இருந்த வேளையில், தொண்ணூற்று மூன்று வயதான ராக்கம்மாள் செவ்வாய்க்கிழமையிலிருந்து சோறு வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். வேல்பாண்டிக்குப் பெரியம்மா. பங்காளி வீட்டுக்காரி.

அதனால்தான் இந்த வெள்ளிக்கிழமை அவசரம்.

"நேத்து ரெண்டு கரண்டிக் கஞ்சிதான் உள்ள போச்சாம்" என்றாள் அம்மா ஜோதிலட்சுமி. "வெரசாப் போய்ட்டு வாங்க."

"பெரியம்மாவ மத்தியானம் வரைக்கும் தாக்குப்பிடிக்கச் சொல்லு" என்றார் வேல்பாண்டி, கதவிலிருந்து காலை எடுக்காமலே.

தோப்புக்குள் நடக்கும்போது கர்ணன் மாமா சட்டம் பேசிக்கொண்டு வந்தார். ஜோதிலட்சுமியின் தம்பி. பால் சொசைட்டியில் செக்ரட்டரியாக இருந்து ஓய்வு பெற்றவர். எதற்கும் அவரிடம் விதி உண்டு.

"ஏன் மாமா, தீட்டு எப்பத்துல இருந்து ஆரம்பிக்குது? உசுரு போனதுல இருந்தா, நமக்குத் தெரிஞ்சதுல இருந்தா?" என்று கேட்டாள் அனுசுயா. எதையும் சரியாகத் தெரிந்துகொண்டு போவது நல்லது என்று அவளுக்குத் தோன்றியது.

"காதுல விழுந்ததுல இருந்துதான் ஆத்தா. துபாய்ல இருக்கவனுக்குச் சேதி போய்ச் சேர்ற வரைக்கும் தீட்டுக் கிடையாது. நம்ம மலையில இருக்கோம். கெழவி போனாலும் நம்ம காதுக்கு வராத வரைக்கும் மலை நம்மளுது."

"அப்ப போன் இருக்கவனுக்குத்தான் தீட்டுங்கிறீக" என்று தேவயானி சிரித்தாள்.

பாண்டீஸ்வரனுக்குப் போன் வந்தது. கடைசித் தென்னைக்கு அடியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்று பேசினான். பேசினான் என்பதுகூடச் சரியில்லை, கேட்டுக்கொண்டு நின்றான். திரும்பி வந்து, தோளில் இருந்த மணிச் சாக்கைக் கர்ணன் மாமாவிடம் நீட்டினான்.

"மாமா, கொஞ்ச தூரம் நீங்க தூக்குங்க. கை சுளுக்கிக்கிச்சு."

"இப்பத்தான தூக்குன? அதுக்குள்ளயா? உங்கப்பா நாப்பது வருசம் ஸ்டியரிங் பிடிச்சாக, உனக்கு நாப்பது நிமிசம் தாங்கல."

பாண்டீஸ்வரன் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாமல் இருப்பவன் இல்லை அவன். கை நிஜமாகவே வலிக்கிறது போல என்று நினைத்துக்கொண்டு, தைலம் எடுத்து வரவில்லையே என்று அனுசுயா வருத்தப்பட்டாள்.

பாதை வளைந்து வளைந்து மெதுவாக ஏறியது. ஒரு மணி நேரத்தில் டவர் பாறை வந்தது. முன்பு அதற்கு வேறு ஏதோ பெயர் இருந்தது. அந்த மலையில் அந்த ஓர் இடத்தில் மட்டும் செல்போன் எடுக்கும் என்று தெரிந்த பிறகு அந்தப் பெயர் போய்விட்டது. அனுசுயாதான் முதலில் போய்ச் சேர்ந்தாள். கீழே கம்பம் வரைக்கும் வயலும் தோப்புமாகத் தெரிந்தது. அவள் தண்ணீர் பாட்டிலைத் திறக்கும் முன்பே போன் அடித்தது. தெரியாத எண்.

"வணக்கம் மேடம். கம்பத்துல ஃப்ளெக்ஸ் கடை, ராஜா முகம்மது பேசுறேன். கண்ணீர் அஞ்சலி ஒண்ணு வந்துருக்கு. பேரெல்லாம் ஒரு தடவை சரிபாக்கணும்."

அவள் போனைக் காதிலிருந்து விலக்கினாள். திரும்பிப் பார்த்தாள். மற்றவர்கள் இரண்டு வளைவுக்குக் கீழே வந்துகொண்டிருந்தார்கள். கிழவி ஒரு மூன்று மணி நேரம் பொறுத்திருக்கக் கூடாதா?

"அண்ணே, பன்னெண்டு மணிக்கு மேல கூப்பிடுங்க. நீங்க பேசுனதை நான் கேக்கவே இல்ல."

"பதினோரு மணிக்குப் பிரிண்ட் போகணும் மேடம். ஒரே நிமிசம், வாசிச்சிர்றேன். மகன் பாண்டீஸ்வரன், மருமகள் தேவயானி, மகள் அனுசுயா…"

"மகள் இல்லண்ணே. பேத்தின்னு போடணும்." தப்பாக ஒன்றை வாசித்தால் அவளால் சும்மா இருக்க முடியாது. "எங்கண்ணனும் பேரன் முறைதான். மகன்னு போட்டா ராக்கம்மாளோட சொந்த மக்க சண்டைக்கு வருவாக."

"ராக்கம்மாளா? அது யாரு மேடம்? இங்க வேல்பாண்டின்னு எழுதியிருக்கு. ஜீப் டிரைவர். சுருளிப்பட்டி."

காற்று அவள் கையிலிருந்த பாட்டில் மூடியைத் தட்டிக்கொண்டு போனது. அது பாறையில் உருண்டு விளிம்பைத் தாண்டும் வரை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுமுனையில் ராஜா முகம்மதுவுக்கும் புரிந்திருக்க வேண்டும். குரல் மாறியது. "தங்கச்சி… உங்களுக்கு யாரும் சொல்லலையா? அல்லாவே. உங்க பங்காளி வீட்டு அண்ணன்தான் வந்து உங்க எல்லாரு நம்பரும் எழுதிக் குடுத்தாரு. நான் தெரிஞ்சிருக்கும்னுல்ல… எங்க அத்தா ஏலக்காய் எடுக்கப் போனா உங்கப்பா ஜீப்புலதான் போவாக, தங்கச்சி."

"பேரெல்லாம் சரியா இருக்குண்ணே" என்றாள் அனுசுயா.

"போட்டோ மட்டும்… லைசென்ஸ் போட்டோதான் வந்துருக்கு. எதுத்தாப்புல லாரி வர்ற மாதிரி முறைச்சுட்டு இருக்காக. வேற இருந்தா…"

பேச்சு அறுந்தது. தான் துண்டித்தோமா, டவர் போய்விட்டதா என்று பின்னால் எத்தனையோ தடவை யோசித்தும் அவளுக்கு நினைவு வரவில்லை. மற்றவர்களுக்குப் போன் போடாதீர்கள் என்று சொல்லவில்லை என்பது மட்டும் உடனே உறைத்தது. திரும்பக் கூப்பிட்டாள். பிஸி என்று வந்தது.

உட்கார வேண்டும் போல் இருந்தது. உட்கார்ந்தால் எழ முடியாது என்றும் தோன்றியது. அவள் நின்றபடியே வரிசையாக யோசித்தாள். காதில் விழுந்துவிட்டது, ஆகவே தனக்குத் தீட்டு. அண்ணன் காதில் இன்னும் விழவில்லை. அவன் மணியைக் கட்டலாம். அவனிடம் சொன்னால் இங்கேயே திரும்ப வேண்டும். ஒரு வருடம் மலை கிடையாது. வருடம் முடியும் முன் ராக்கம்மாள் போய்விடுவாள். பிறகு அறுபத்தோரு வீடு இருக்கிறது. மணி திரும்பவும் கதவுக்கு முட்டாகப் போகும். நேர்ந்ததைச் செய்யாமல் போனவர் என்று அப்பாவைப் பற்றி ஊரில் பேசுவார்கள்.

சொல்லக் கூடாது. இது சரியா என்று மறுபடி சரிபார்க்க ஆரம்பிப்பதற்குள் தேவயானியும் கர்ணன் மாமாவும் வந்துவிட்டார்கள்.

வந்ததும் தேவயானியின் போன் அடித்தது. அனுசுயா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். தேவயானி காதில் வைத்து, "ஆமா" என்றாள். சிறிது நேரம் கழித்து, "ம்" என்றாள். அப்புறம் போனை இடுப்பில் செருகிக்கொண்டு, "லோன் வேணுமான்னு கேக்குறான்" என்று சொல்லிவிட்டுப் பள்ளத்தாக்கைப் பார்த்து நின்றாள்.

கர்ணன் மாமாவின் போன் அடித்தது. அவர் பேசிக்கொண்டே பாறைக்குப் பின்னால் போனார். திரும்பி வரும்போது துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பேங்க்ல இருந்து" என்றார்.

அப்பாடா என்று இருந்தது அனுசுயாவுக்கு. கடைசியாகப் பாண்டீஸ்வரன் வந்தான்.

"அண்ணே, போனை ஆஃப் பண்ணு. மேல போய்ப் போட்டோ எடுக்கச் சார்ஜ் வேணும்."

"ஆமாங்க, ஆஃப் பண்ணுங்க" என்றாள் தேவயானி அவசரமாக.

"ஆமா மாப்ள, சாமி காரியம்" என்றார் மாமா.

"தோப்புலயே ஆஃப் பண்ணிட்டேன்" என்றான் பாண்டீஸ்வரன்.

மாமா மணிச் சாக்கைத் தொடாமல் அதைச் சுற்றி ஒரு நடை நடந்தார். "மாப்ள, எனக்குக் கால் பிசகிருச்சு. இனிமே நீ தூக்கிக்க."

"கை சுளுக்கு மாமா."

"தேவயானி?"

"நானா? எனக்கு இடுப்பு."

மூன்று பேரும் அனுசுயாவைப் பார்த்தார்கள். அவள் கையிலிருந்த பொங்கல் பையை எப்போதோ கீழே வைத்திருந்தாள். அதையே திரும்ப எப்படித் தொடுவது என்று தெரியாமல்தான் நின்றுகொண்டிருந்தாள்.

"கம்புல கோத்துத் தூக்குனா என்ன?" என்றாள். "யாருக்கும் பாரம் தெரியாது. கையும் படாது."

இதைவிட நல்ல யோசனை உலகத்தில் இல்லை என்பது போல எல்லோரும் தலையாட்டினார்கள். மாமா நொடியில் ஒரு கம்பு ஒடித்துக்கொண்டு வந்தார், பிசகிய காலோடு. குச்சியால் நெம்பி நெம்பிச் சாக்கைக் கம்பில் மாட்டினார்கள். பொங்கல் பையையும் மாட்டினார்கள். பானையையும் மாட்டினார்கள். முன்னால் பாண்டீஸ்வரனும் பின்னால் மாமாவும் தோள் கொடுக்க, நடுவில் சாக்கு தொங்கி ஆடியது. கொஞ்ச தூரம் போன பிறகு அது எதைப் போல் இருக்கிறது என்று அனுசுயாவுக்குப் பட்டது. அதன் பிறகு அவள் தரையைப் பார்த்து நடந்தாள்.

மேலே போகும்வரை ஒருவரும் பேசவில்லை. எதற்கும் விதி சொல்கிற மாமாகூட.

நெல்லிப்பாறையைச் சுற்றிச் சுண்ணாம்படித்த கற்கள் வரிசையாக நடப்பட்டிருந்தன. அதற்கு உள்ளே கோயில். கல்லுக்கு ஓரடி முன்னால் நான்கு பேரும் நின்றுவிட்டார்கள். கம்பை இறக்கினார்கள். பூசாரி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

"வாங்க வாங்க. மணிக்காரங்கதான? வேல்பாண்டியண்ணன் நேத்தே ஆள்கிட்டச் சொல்லிவிட்டாக. உள்ள வாங்க."

யாரும் அசையவில்லை.

அனுசுயா தேவயானியின் காதோரம் குனிந்தாள். "மதினி, நான் உள்ள வரக்கூடாது. நாள் ஆயிருச்சு."

"எனக்கும்தான்" என்றாள் தேவயானி.

ஒரே வீட்டில் இருப்பவர்கள். அனுசுயாவுக்கு முடிந்து ஐந்து நாள்தான் ஆகிறது என்று தேவயானிக்குத் தெரியும். தேவயானிக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது என்று அனுசுயாவுக்குத் தெரியும். அனுசுயா நிமிர்ந்து அவள் கண்ணைப் பார்த்தாள். தேவயானி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். லோன் வேண்டுமா என்று கேட்டவன் ராஜா முகம்மது என்பது அப்போதுதான் அனுசுயாவுக்குப் புரிந்தது.

"பொம்பளையாளுக சரி" என்றார் பூசாரி. "நீங்க வாங்கய்யா."

"காலு பிசகிருச்சு சாமி. படி ஏற முடியாது" என்றார் மாமா. கோயிலுக்குப் படியே கிடையாது.

"அப்ப தம்பி?"

"கை சுளுக்கு" என்றான் பாண்டீஸ்வரன். "நீங்களே கட்டிருங்க சாமி."

பூசாரி இடுப்பில் கை வைத்தார். கம்பில் மாட்டியிருந்த சாக்கையும் பையையும் பானையையும் பார்த்தார். நான்கு முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"நல்ல குடும்பம்யா. ஒரே நாள்ல கை, காலு, எல்லாமா போகும்? கல்லுக்கு உள்ள ஒருத்தரும் வரலேன்னா, மணி தானா நடந்து வருமா?" அவர் நிறுத்தினார். பிறகு மெதுவாகக் கேட்டார். "நேர்ந்தவுக வேல்பாண்டியண்ணன். அவுக வரலையா?"

"வீட்ல இருக்காரு" என்றான் பாண்டீஸ்வரன்.

அவன் குரலில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டான். அந்தக் கடைசித் தென்னையையும், அவன் திரும்பி நின்ற முதுகையும் அனுசுயா நினைத்தாள்.

"படுத்திருக்காக" என்று தேவயானி சேர்த்துச் சொன்னாள்.

"அதான் அவசரம்" என்றார் மாமா. யாரும் அவரை ஒன்றும் கேட்கவில்லை.

பூசாரி மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கிவிட்டார். காற்றில் நெல்லி இலைகள் கொட்டின.

"சரி" என்றார். "இங்கன டவர் கிடையாது. கீழ நடக்கிறது எதுவும் எனக்கும் தெரியாது." உள்ளே இருந்த வேலின் பக்கம் தலையால் சுட்டினார். "அவருக்கும் தெரியாது."

சொம்பில் மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்து சாக்கின்மேல் தாராளமாக ஊற்றினார். பையின்மேலும் பானையின்மேலும் ஊற்றினார். கம்பின்மேலும் ஊற்றினார். அப்புறம் மணியை வெளியே எடுத்து, நாக்கில் சுற்றியிருந்த காக்கித் துணியை அவிழ்த்தார். பத்தொன்பது வருட முடிச்சு, பல்லால் கடித்துத்தான் அவிழ்க்க முடிந்தது. துணியைக் கல்லுக்கு வெளியே போட்டார். ஓரத்தில் ஒரு பொத்தான் இன்னும் இருந்தது. அனுசுயா அதை எடுத்து, பட்டியல் காகிதத்துக்குள் வைத்து மடித்துக்கொண்டாள்.

பாறைக்கு முன்னால் இரும்புச் சட்டத்தில் மணியைக் கட்டிவிட்டு, நாக்கில் ஒரு நீளமான கயிற்றைப் பூசாரி முடிந்தார். அதன் மறுமுனையைச் சுண்ணாம்புக் கற்களுக்கு வெளியே வீசினார்.

"கயிறு வெளியதான கிடக்கு? இழுங்க."

பாண்டீஸ்வரன் சுளுக்கிய கையால் இழுத்தான்.

இத்தனை வருடங்களில் அந்த மணியின் சத்தம் எப்படி இருக்கும் என்று அவர்கள் வீட்டில் பலவிதமாகப் பேசியதுண்டு. கம்பம் வரைக்கும் கேட்கும் என்பார் வேல்பாண்டி. அது அப்படியெல்லாம் இல்லை. அப்படியே பள்ளிக்கூட மணி. கடைசி பீரியட் முடிந்து அடிக்கிற மணி. கேட்ட உடனே வீட்டுக்குப் போக வேண்டும் என்று தோன்றியது. நான்கு பேருக்கும் ஒரே நேரத்தில் அப்படித் தோன்றியிருக்க வேண்டும், ஏனென்றால் நான்கு பேரும் திரும்பிவிட்டார்கள்.

"பொங்கல் வைக்கலையா?" என்று பூசாரி பின்னாலிருந்து கேட்டார்.

"பதினாறு சாமானும் இருக்கு சாமி" என்றாள் அனுசுயா நடந்துகொண்டே. "நீங்களே வச்சுருங்க. கற்கண்டு மட்டும் பை அடியில இருக்கு."

இறக்கத்தில் மாமாவின் பிசகிய கால்தான் எல்லோருக்கும் முன்னால் போனது. டவர் பாறையில் யாரும் நிற்கவில்லை. யாரும் போனை எடுக்கவில்லை. பாறையைத் தாண்டி இரண்டு வளைவு இறங்கிய பிறகு மாமா சட்டென்று நின்றார்.

"மைத்துனர்னு போட்டிருக்கானா, மச்சினன்னு போட்டிருக்கானா?" என்று பாதையைப் பார்த்துக் கேட்டார். "அவன் வாசிக்கறப்ப எனக்குக் காது அடைச்சிருச்சு."

எல்லோரும் நின்றார்கள்.

"உங்களுக்கும் பண்ணானா?" என்றாள் தேவயானி.

"அப்ப உனக்கு லோனு…"

"மைத்துனர்தான்" என்றாள் அனுசுயா. அந்த இடத்துக்கு முன்பே பேச்சு அறுந்துவிட்டது. இருந்தாலும் சொன்னாள்.

"எனக்கு அவன் பண்ணல" என்றான் பாண்டீஸ்வரன். "அம்மா பண்ணுச்சு. தோப்புலயே. மணியைக் கட்டிட்டு வா, அதுவரைக்கும் யார்ட்டயும் சொல்லாத, இங்கன நான் பாத்துக்கிறேன்னுச்சு."

மாமா கணக்குப் போட்டுப் பார்த்தார். "அப்ப எங்கிட்டச் சாக்கைத் தள்ளுனது?"

"உங்களுக்குத் தீட்டு இல்லேல்ல மாமா. நீங்க பங்காளி இல்லையே."

"ஆமா, எனக்குத்தான் தீட்டே கிடையாதே!" மாமா நெற்றியில் அடித்துக்கொண்டார். "சட்டம் பேசுனவன் நாந்தான். எனக்கே மறந்துபோச்சே. ஏலே, நான் உள்ள போயிருக்கலாம்டா!"

தேவயானிக்குச் சிரிப்பு வந்தது. முந்தானையை வாயில் வைத்து அடக்கினாள். அடங்கவில்லை. தோள் குலுங்கிக்கொண்டே இருந்தது. எந்த இடத்தில் அது சிரிப்பாக இல்லாமல் போனது என்று யாரும் கவனிக்கவில்லை, ஏனென்றால் எல்லோரும் வெவ்வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அனுசுயா மட்டும் திரும்ப டவர் பாறைக்கு ஏறினாள். காலையில் எடுத்த படத்தை ராஜா முகம்மதுவுக்கு அனுப்பினாள். போய்விட்டதா என்று மூன்று தடவை பார்த்தாள். பிறகு இறங்கினாள்.

அவர்கள் தெருமுனைக்கு வந்தபோது ஃப்ளெக்ஸ் கட்டியாகிவிட்டது. வேல்பாண்டி சிரித்துக்கொண்டிருந்தார். நெஞ்சு வரைக்கும் வெட்டி, பின்னால் ஓர் அருவியும் இரண்டு புறாக்களும் வைத்திருந்தார்கள். கதவும் இல்லை, காலும் இல்லை. மைத்துனர் என்றுதான் போட்டிருந்தது. மாமா அதை நின்று வாசித்துவிட்டுத் துண்டை வாயில் வைத்துக்கொண்டார்.

முன்னறையில் கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில், முதல் நாற்காலியில் ராக்கம்மாள் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தாள். அனுசுயாவைக் கண்டதும் டம்ளரை இறக்கினாள்.

"வாடி. மணி கட்டியாச்சா? எனக்குப் பயந்துக்கிட்டுத்தான ஓடுனீக? பாரு, நான் இங்கன காபி குடிக்கிறேன். நடுவுல பூந்து போய்ட்டான் களவாணிப் பய." அவள் குரல் உடைந்தது. உடனே சரியாகிவிட்டது. "இன்னும் கொஞ்சம் சீனி போடச் சொல்லு."

படாரென்று கதவு அடித்தது. வெளியே நின்ற மேலத்தெருப் பெண்கள் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அவர்கள் உள்ளே வந்ததும் திரும்ப அடித்தது. ஒவ்வொரு தடவையும் அழுகை ஒரு கணம் நின்று, பிறகு தொடர்ந்தது. யாரோ செங்கல் கொண்டுவந்து வைத்தார்கள். காற்று அதைத் தள்ளிக்கொண்டு போனது.

ஜோதிலட்சுமி பெட்டியின் தலைமாட்டில் இருந்தாள். அனுசுயா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"நல்லா கேட்டுச்சா?" என்றாள் அம்மா.

"நல்லா கேட்டுச்சும்மா. கம்பம் வரைக்கும் கேட்டிருக்கும்."

அம்மா தலையாட்டினாள். பெட்டியைப் பார்த்தபடியே சொன்னாள். "நீங்க போனப்பறமும் அங்கனயேதான் உக்காந்திருந்தாரு. காபி போட்டு எடுத்துட்டு வர்றேன்னு உள்ள போனேன். கதவு அடிச்ச சத்தம் கேட்டுச்சு. அப்பத்தான் தெரிஞ்சுச்சு."

கதவு மறுபடி அடித்தது.

அனுசுயா எழுந்தாள். ஸ்டூல் சுவரோரம் யாரும் உட்காராமல் கிடந்தது. அதைக் காலையில் இருந்த இடத்துக்கு இழுத்தாள். அந்த இடம்தானா என்று ஒரு தடவை பார்த்தாள். கொஞ்சம் முன்னால் நகர்த்தினாள். கதவைத் திறந்து சுவரோரம் தள்ளிவிட்டு, உட்கார்ந்து, இடது காலை நீட்டி மிதித்துக்கொண்டாள்.

வாசலில் நின்றவர்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள்.